217-ஆம் கொக்கி

1994 ஜனவரி 3, திங்கள்

இந்த வருடம் கம்பெனி டைரி அச்சடிக்கவில்லை. அதனால் என்ன? பழைய டோக்கன் பதிவேட்டில் நாற்பது பக்கம் எழுதாமல் கிடந்தது. பிய்த்தெடுத்து மிஷினில் ஒரு தையல் போட்டேன், டைரி ஆகிவிட்டது.

சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று டீக்கடையில் பேச்சு. எழுபத்து நாலிலும் இதையே சொன்னார்கள், எண்பத்தாறிலும் சொன்னார்கள். சொன்னவர்கள்தான் ஊரை விட்டுப் போனார்கள், சுரங்கம் இருக்கிறது.

நான் கல்யாணமாகி நீலகுந்தாவுக்கு வந்தது அறுபத்தைந்தில். ரயிலை விட்டு இறங்கி, தாமிரக்கல் ஏற்றும் லாரியில் ஐந்து மணி நேரம் மலையேறி வந்து பார்த்தால், ஊர் என்று ஒன்றுமே இல்லை. பதினாறு தகரக் கொட்டகை, ஒரு தண்ணீர்த் தொட்டி, எங்கே பார்த்தாலும் செம்மண். "இங்கியா குடித்தனம்?" என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் சூசைநாதன் கொஞ்சமும் அசரவில்லை. "ரெண்டு வருசம் பொறு, சினிமாக் கொட்டாயே வரும்" என்றார். ஒன்றரை வருடத்தில் வந்தது. அப்புறம் வரிசையாக லைன் வீடுகள், ஆஸ்பத்திரி, மாதா கோவில், கால்பந்து மைதானம். சம்பள நாளில் சந்தைக்குள் நுழைந்தால் வெளியே வர ஒரு மணி நேரம் ஆகும். அப்படிப்பட்ட ஊரை யார் மூடுவது? பேசுகிறவர்கள் பேசட்டும்.

ஜனவரி 5

சின்னதுரை என்று புதிதாக வந்த ஃபிட்டர் டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். குற்றப் பதிவேட்டில் எழுதினேன். மூன்று நாள் சஸ்பெண்ட். "யக்கா, கல்யாணமாகி ஒரு வாரம்தான் ஆவுது" என்று கெஞ்சினான். கல்யாணமானவனுக்குத்தான் டோக்கன் முக்கியம் என்றேன்.

எனக்கு டோக்கன் மாமியார் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும். டோக்கன் ரூம் சுவரில் ஆயிரத்து இருநூற்று நாற்பது கொக்கிகள். கீழே இறங்குகிறவன் தன் நம்பர் போட்ட பித்தளை வில்லையை எடுத்துக்கொண்டு போக வேண்டும், ஏறி வந்ததும் தன் கையால் மாட்ட வேண்டும். கொக்கி காலியாக இருந்தால் ஆள் கீழே இருக்கிறான் என்று பொருள். வாசலுக்கு மேல் மூன்று மொழியில் விதி எழுதியிருக்கிறது: கொக்கி ஒன்று காலியாக இருக்கும்வரை பம்பு நிற்கக்கூடாது. இந்தச் சுரங்கத்தில் ஊற்று அதிகம். பம்பு நின்றால் தண்ணீர் கீழ்த்தளத்திலிருந்து ஏற ஆரம்பித்துவிடும்.

எனக்கு முன்னால் இங்கே இருந்த தேவசகாயம், ஷிஃப்டு முடிந்ததும் இன்ஜின் ரூமுக்குப் போன் போட்டு "எல்லாரும் மேலே" என்பார். நான் "ஷிஃப்டு மேலே" என்றுதான் சொல்வேன். 217-ஆம் கொக்கி காலி. எண்பத்து மூன்று ஜூன் பதினாலு, ஒன்பதாம் தளத்தில் கூரை இறங்கியது. நான்கு பேரை வெளியே எடுத்தார்கள். ஐந்தாவது ஆளை எடுக்க முடியவில்லை. அவர் பெண்டாட்டி என்பதால்தான் எனக்கு இந்த வேலை கொடுத்தார்கள்.

ஜனவரி 17

நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். மேனேஜர் சேஷகிரி ராவ் தன் கையாலேயே பசை தடவி ஒட்டினார், அந்த மட்டுக்கு நல்ல மனுஷன். பிப்ரவரி 28 கடைசி ஷிஃப்டு. மார்ச் முழுக்கச் சாமான்களைக் கழற்றுவது. மார்ச் 31 பம்பு நிறுத்தம்.

பசை காய்வதற்குள் கிழித்துவிடுவார்கள் என்று கஸ்தூரியிடம் சொன்னேன். கஸ்தூரி பக்கத்து வீடு. அவள் அதற்குள் பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாள்.

ஜனவரி 23, ஞாயிறு

கிறிஸ்துமஸ் பூசைக்கு வந்த சாமியார் அப்புறம் இந்தப் பக்கமே வரவில்லை. நானே ஜெபமாலை சொல்லி நடத்தினேன். பதினோரு பேர் வந்தார்கள். பாட்டில் சுருதி சேரவில்லை.

மகள் ஜெயசீலி வேலூரிலிருந்து கடிதம் போட்டிருக்கிறாள். ஏப்ரல் முதல் வாரம் என்று டாக்டர் தேதி சொல்லியிருக்கிறாராம். தலைப் பிரசவம், மாமியாரும் இல்லாத வீடு. "நீ மார்ச்சுலயே வந்துரு" என்கிறாள். வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்று எழுதினேன்.

பிப்ரவரி 6, ஞாயிறு

கஸ்தூரி என் தையல் மிஷினைக் கேட்டாள். சோளிங்கரில் கடை போடப்போகிறாளாம். கொடுத்தேன். எனக்கு இனி எதற்கு, கண்ணும் முன்போல் இல்லை. மிஷினைத் தூக்க அவள் வீட்டுக்காரனும் மைத்துனனும் வந்தார்கள். நான் டிராயரை மட்டும் இழுத்து எடுத்துக்கொண்டேன்.

"இன்னாக்கா, ட்ராயர் இல்லாம மிஷின் பல்லு போன மாதிரி கீது" என்றாள் கஸ்தூரி.

"பல்லு இல்லாமலே நல்லா தைக்கும். எடுத்துக்கினு போ."

"உள்ள இன்னா வச்சிகீற, தங்கமா?"

"ஊசி, நூல், பித்தான். உனக்குத் தேவைன்னா புதுசா வாங்கிக்கோ" என்றேன். கொஞ்சம் வெடுக்கென்று சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவள் முகம் சுருங்கிவிட்டது. போகும்போது ஒரு படி வறுத்த வேர்க்கடலை கட்டிக் கொடுத்தேன், சரியாகிவிட்டாள்.

பிப்ரவரி 12

நான்காம் லைனில் இன்று ஏழு வீடு காலி. ரசத்தில் உப்பு கூடிவிட்டது.

பிப்ரவரி 28, திங்கள்

கடைசி ஷிஃப்டு மேலே வந்தது. டோக்கன் ரூமில் இருந்தபடியே, சுரங்கத்துக்குள் ஏறி இறங்கும் கூண்டின் கயிற்றுச் சத்தத்தை வைத்து எனக்குச் சொல்லத் தெரியும்: கல் ஏறி வந்தால் கயிறு விர்ரென்று இரையும், ஆள் ஏறி வந்தால் பாதி வேகம்தான், உருளை தாளம் தப்பாமல் டொக் டொக்கென்று சுற்றும். இன்று ஆறு தடவை ஆள் சத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை.

எல்லோரும் டோக்கனை ஞாபகத்துக்குக் கேட்டார்கள். ஒருவருக்கும் தரவில்லை. சிலர் அழுதார்கள், சிலர் திட்டினார்கள். கணக்கெடுத்தால் 217 போக இன்னும் ஒன்று குறைந்தது. 88, எட்டியப்பன். ஆள் மாட்டுகிற மாதிரி மாட்டிவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். விடுவேனா? பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். இந்த வயதில் நான் அப்படி ஓடுவேன் என்று எனக்கே தெரியாது. புறப்பட்ட பஸ்ஸை மறித்து நின்றேன்.

"எறங்குடா எட்டியப்பா!"

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "யக்கா, முப்பது வருசமா எம்பேரே இதுதான். எண்பத்தெட்டுன்னாத்தான் நான் திரும்பிப் பாப்பேன். ஒரு பித்தள வில்ல, உனக்கு இன்னா கேடு?"

"நீ இன்னும் கீழ கீறன்னு அர்த்தம். அதான் கேடு. குடு."

வேட்டி முடிச்சிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தான். கண் கலங்கியிருந்தது. "உன் வூட்ல இப்புடி ஒண்ணு கீதுன்னா நீ குடுத்துருவியாக்கா?" என்றான்.

டிரைவர் ஹாரன் அடித்தார். நான் வழியை விட்டு விலகி நின்றேன்.

மார்ச் 1

எண்ணினேன். ஆயிரத்து இருநூற்று முப்பத்தொன்பது. மறுபடியும் எண்ணினேன். அதேதான்.

மார்ச் 4

மேனேஜர் ஒரு ஃபாரத்தை எடுத்துக்கொண்டு டோக்கன் ரூமுக்கே வந்தார். 'கீழே எவரும் இல்லை' என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டால்தான் பம்பை நிறுத்தலாமாம்.

"கொக்கி காலியா இருக்கு சார்" என்றேன்.

"தெரியும்மா. ஒர்க்‌ஷாப்ல சொல்லி இன்னொண்ணு அடிச்சு மாட்டிடலாம். அஞ்சு நிமிஷம்."

"டோக்கனை மாட்டணும்னா ஆள் மேல வரணும். நான் போட்ட விதி இல்ல சார். உங்க கம்பெனி போட்டது, மூணு மொழியில எழுதியிருக்கு."

அவர் விதிப் பலகையை நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பத்தொண்ணு வரைக்கும் டைம் இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சரியான பதில் கொடுத்தேன் என்று எனக்குச் சந்தோஷம்தான். சாயங்காலம் அரை டம்ளர் காப்பி கூடக் குடித்தேன்.

மார்ச் 9

ஜெயசீலி கடிதம். கால் வீங்கியிருக்கிறதாம். "அங்க இன்னாம்மா கீது உனக்கு?" என்று ஒரே ஒரு வரி தனியாக எழுதியிருக்கிறாள். பதில் எழுத உட்கார்ந்தேன். முள்ளங்கி விலை, வெயில் என்று நாலு வரி எழுதி மடித்துவிட்டேன்.

மார்ச் 14

சினிமாக் கொட்டாயின் கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தேன். பெண்கள் பக்கத்தில் இரண்டாவது வரிசை, சுவர் ஓர நாற்காலி. இடைவேளையில் என் வீட்டுக்காரர் தடுப்புக்கு மேலே முறுக்குப் பொட்டலத்தைத் தூக்கிப் போடுவார். ஒரு தடவைகூடக் குறி தப்பினதில்லை.

ஊரில் இப்போது நான், மேனேஜர், பம்புக்காரர்கள் மூன்று பேர், கூண்டை ஏற்றி இறக்கும் இன்ஜினை ஓட்டுகிற முனிரத்தினம், அவ்வளவுதான். பம்புக்காரர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது: முனிரத்தினத்துக்குப் பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டும் வேலை கிடைத்திருக்கிறதாம். ஏப்ரல் ஒன்றாம் தேதி சேராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம். பம்பு நின்றால்தான் அவனை இங்கிருந்து விடுவிப்பார்கள். தினம் என்னைப் பார்க்கிறான், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவன் சொல்லாமல் இருந்ததுதான் எனக்குக் கோபம்.

மார்ச் 17

மத்தியானம் முனிரத்தினம் வந்தான். சாப்பிட்டாயா என்றேன், ஆச்சு என்றான். டீ போட்டேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான், குடிக்கவில்லை.

"பெங்களூர் வேலயப் பத்திப் பேசத்தான வந்த?" என்றேன்.

"இல்ல அண்ணி. வேல கெடக்குது. அன்னிக்கி கூண்டு வாசல்ல நான்தான் நின்னேன். ஞாபகம் கீதா?"

ஞாபகம் இருந்தது. அப்போது அவன் இன்ஜினுக்குப் போகவில்லை. கூண்டு வாசலில் நின்று டோக்கனைப் பார்த்து ஆளை ஏற்றுகிற வேலை.

"அண்ணன் கையில டோக்கன் இல்ல அண்ணி. எங்கண்ணான்னு கேட்டேன். 'நேத்து சட்டப் பையோட வூட்டுக்குப் பூட்ச்சிடா. உங்க அண்ணி சட்ட தொவைக்கச் சொல்ல பாத்துருவா, பாத்தா கொண்டாந்துருவா, உடுடா'ன்னு சிரிச்சாரு. உட்டுட்டேன்." டம்ளரைக் கீழே வைத்தான். "திருப்பி அனுப்பி இருந்தா போய்ட்டு வர அர மணி நேரம். அந்தக் கூண்ட உட்டுட்டு அடுத்த கூண்டுல போயிருப்பாரு, வேற மொகப்புல கல்லு வெட்டுற வேல குடுத்திருப்பாங்க. அதுக்கப்புறம் அந்த வாசல்ல நிக்க முடியல, இன்ஜினுக்கு மாத்திக்கினு போய்ட்டேன். யார்கிட்டயும் சொல்லல. ஊர உட்டுப் போறதுக்குள்ள உங்ககிட்ட சொல்லிறணும்னுதான்…"

"டீ ஆறிடுச்சி, வேற போடறேன்" என்றேன்.

வேறு போட்டேன். அவன் குடித்துவிட்டுப் போனான்.

மார்ச் 18

தலைவலி. டோக்கன் ரூமைக் கழுவிவிட்டேன்.

மார்ச் 20, ஞாயிறு

இத்தனை வருடம் டைரி எழுதுகிறேன், இதை எழுதியதில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

217 என்னிடம்தான் இருக்கிறது. மிஷின் டிராயரில், பித்தான்களுக்கு அடியில்.

அன்று காலையில் எங்களுக்குள் சண்டை. அரக்கோணத்தில் என் அண்ணன் மகளுக்குச் சடங்கு வைத்திருந்தார்கள். லீவு கிடைக்காது என்று இவர் கையை விரித்துவிட்டார். ஏழு மணி ஷிஃப்டுக்குப் போன பிறகு சட்டையை ஊறவைக்க எடுத்தேன், டோக்கன் விழுந்தது. முந்தின நாள் மாட்டாமல் கொண்டுவந்திருக்கிறார். இவர் வீட்டுக்கு நடந்து போவதைப் பார்த்த தேவசகாயம், கொக்கியைப் பார்க்காமலே ஆள் மேலே என்று எழுதியிருப்பார். காலையில் கொக்கி காலியாக இருந்ததும், எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார் என்று நினைத்திருப்பார்.

டோக்கன் ரூம் எங்கள் வீட்டிலிருந்து கால் மணி நேர நடை. கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம், உடனே ஆளை மேலே கூப்பிட்டு விசாரித்திருப்பார்கள். நான் போகவில்லை. மாட்டிக்கொள்ளட்டும், மூன்று நாள் சஸ்பெண்ட் ஆகட்டும், அப்போது அரக்கோணம் வந்துதானே ஆக வேண்டும் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே ஊருக்குக் கட்டிப்போகப் புடவைகூட எடுத்து வைத்தேன். பதினோரு மணிக்குச் சங்கு விடாமல் ஊதியது.

டோக்கனை முந்தானையில் முடிந்துகொண்டு ஓடினேன். டோக்கன் ரூம் வாசலில் தேவசகாயம் கத்திக்கொண்டிருந்தார்: "இருநூத்துப் பதினேழு காலி! சூசை கீழதான் கீறான், தேடுங்க!" கையை முந்தானைக்குள் விட்டவள் வெறுங்கையாகவே எடுத்துவிட்டேன். கொக்கி காலியாக இருந்தால்தான் தேடுவார்கள். இருபத்தாறு நாள் தேடினார்கள். நான் காட்டியிருந்தால் ஒரு நாளாவது குறைத்துத் தேடியிருப்பார்கள். அதன் பிறகு கொடுப்பதற்கு ஒரு நாளும் நல்ல நாளாகத் தெரியவில்லை.

டோக்கனை வீட்டுக்குக் கொண்டுபோன ஒவ்வொருவனையும் சஸ்பெண்ட் செய்ய வைத்தேன். அதில் எனக்கு வெட்கமில்லை. அது சரியான வேலை.

பம்பை நிறுத்த நான் ஏன் விடவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். அவருக்குத் தண்ணீர் என்றால் பயம். ஏரியில் முழங்கால் ஆழத்துக்கு மேல் இறங்கமாட்டார், என் தோளைப் பிடித்துக்கொள்வார். அவர் மேல் தண்ணீர் ஏறக்கூடாது. இதுதான் காரணம். விதியும் மூன்று மொழியும் மேனேஜரிடம் பேசுவதற்குத்தான்.

'பாத்தா கொண்டாந்துருவா' என்று சொல்லியிருக்கிறார்.

மார்ச் 25

முனிரத்தினத்தைத் தேடி இன்ஜின் ரூமுக்குப் போனேன். டோக்கனை அவன் கையில் வைத்தேன். நம்பரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எல்லாவற்றையும் சொன்னேன். சண்டை, புடவை, அரக்கோணம், எதையும் விடவில்லை. சொல்லி முடிக்கும்வரை அவன் லீவரிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ரெண்டு பேரும் ஒரே வில்லைய வச்சிக்கினுதான் இத்தினி நாளு தூங்காம கெடந்தோமா அண்ணி?" என்றான்.

"நீ அனுப்பியிருந்தாலும் நான் வழியில மல்லுக்கு நின்னிருப்பேன். உன் தப்பு இல்ல."

"நீங்க கொண்டாந்திருந்தாலும், நான் 'கெடக்கட்டும் அண்ணி'ன்னு வாங்கி வச்சிக்கினு இருந்திருப்பேன். உங்க தப்பும் இல்ல."

இருவருமே சொன்னது பொய்யாக இருக்கலாம். கேட்க நன்றாக இருந்தது.

அவனிடம் ஒன்று கேட்டேன். சரி என்று டோக்கனைத் திருப்பிக் கொடுத்தான்.

மார்ச் 31, வியாழன்

பெட்டி கட்டியாகிவிட்டது. ஜெயசீலிக்கு நாளை வருகிறேன் என்று தந்தி அடிக்க மேனேஜரிடம் சொல்லி அனுப்பினேன். காலையில் தலைக்குக் குளித்து, அந்தப் புடவையை உடுத்தினேன். அரக்கோணத்துக்கு என்று எடுத்து வைத்தது. மடிப்பில் கொஞ்சம் நைந்திருந்தது.

மூன்றரைக்குப் பம்புக்காரர்கள் மூன்று பேரும் சாமான்களோடு மேலே வந்தார்கள். டோக்கனை அவரவர் கையால் மாட்டினார்கள். பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அதன் சுவிட்ச் மேலேதான் இருக்கிறது, மேனேஜர் அதன் பக்கத்தில் நின்றார்.

முனிரத்தினம் வெறும் கூண்டைக் கீழே இறக்கினான். ஒன்பதாம் தளத்தில் நிறுத்தினான். சும்மா நின்றது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குத் தெரியும். ஒன்பதாம் தளத்து முகப்பிலிருந்து கூண்டுக்கு நடந்து வர பன்னிரண்டு நிமிடம். அவர் கொஞ்சம் கால் சாய்த்து நடப்பார், பதினைந்து ஆகும். முனிரத்தினம் பதினைந்து நிமிடம் கொடுத்தான்.

பிறகு கயிறு அசைந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். கல் சத்தம் இல்லை. உருளை டொக் டொக்கென்று தாளம் தப்பாமல் சுற்றியது. பாதி வேகம். ஆள் சத்தம்.

கூண்டு வந்து நின்றது. போய்க் கதவைத் திறந்தேன். ஓர் ஆள் இறங்க வழிவிட்டு ஒதுங்கி நின்றேன். "இன்னா இவ்ளோ நேரம்?" என்று கேட்டுவிட்டேன். பம்புக்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். யாருக்காகவும் அடக்கவில்லை.

டோக்கன் ரூமுக்கு வந்து 217-ஐ மாட்டினேன். பித்தளை கறுத்துப்போயிருந்தது, புளி போட்டுத் துலக்கியிருக்கலாம். பதிவேட்டில் எழுதினேன்: சூசைநாதன், இறங்கியது 14.6.83 காலை 7.00, ஏறியது 31.3.94 மாலை 4.25. ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டேன். போனை எடுத்தேன்.

"முனிரத்தினம், எல்லாரும் மேலே."

"எல்லாரும் மேலே, அண்ணி" என்றான்.

பம்பு நின்றது. இருபத்தொன்பது வருடமாகக் கேட்ட சத்தம். நின்ற பிறகுதான் ஊரில் காற்று அடிப்பது கேட்டது.

ஒரு வேலை பாக்கி இருந்தது. குற்றப் பதிவேட்டை எடுத்தேன். டோக்கன் எண் 217. வீட்டில் வைத்திருந்த காலம்: பத்து வருடம் ஒன்பது மாதம். வைத்திருந்தவர் பெயர்: சூ. பிலோமினா, டோக்கன் ரூம் பொறுப்பாளர். மேனேஜர் முன்னால் நீட்டினேன். நின்றபடியே படித்தார். இரண்டு தடவை படித்தார் என்று நினைக்கிறேன்.

"தண்டனை கட்டத்தை நீங்கதான் நிரப்பணும் சார். மூணு நாள் சஸ்பெண்ட். விதி."

எப்போதும் இங்கிலீஷில் எழுதுகிறவர், இன்று ஒவ்வொரு எழுத்தாக யோசித்துத் தமிழில் எழுதினார்: 'அனுபவித்தாயிற்று.' கீழே கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, பதிவேட்டை மூடி என்னிடமே கொடுத்தார்.

மனுஷன் தங்கம். கையெழுத்து மட்டும் கோழி கிளறினதுதான்.